பார்க்கத் தாங்காத முகங்கள்

ஜான் ஷீப்ஷாங்க்ஸ் என்ற பணக்காரர் ஓர் ஓவியரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். படத்தில் இருக்கும் இளம்பெண் அப்படித் தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத் தாங்கவில்லை, கூடவே சில பிள்ளைகளையும் வரைந்து தாருங்கள் என்று. 1840களில் லண்டனில் நடந்தது இது. ஓவியர் ரிச்சர்ட் ரெட்கிரேவ். அவரும் வரைந்து கொடுத்தார். அந்தப் படம் இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தத் தகவலைப் படித்ததிலிருந்து அது என்னை விடவே இல்லை. வேறு வேலையாக இருக்கும்போதும் மனதுக்குள் வந்து நிற்கிறது. முதலில் வந்தது கோபம். துக்கத்தில் இருக்கிற ஒருத்தியை வரையச் சொல்லிவிட்டு, துக்கம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, குறைத்துக் கொடு என்று கேட்பது என்ன நியாயம்? அப்புறம் யோசித்தால், தாங்கவில்லை என்று சொல்ல ஒருவருக்கு மனம் இருக்க வேண்டுமே என்றும் தோன்றியது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இத்தனை நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

படத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாடசாலை அறை, பெரிய வீடுகளில் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய மாதிரியான அறை. கறுப்பு உடை உடுத்திய பெண் ஒருத்தி மேசையருகே உட்கார்ந்திருக்கிறாள். இருபது வயது தாண்டியிருந்தால் அதிகம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லிக்கொடுக்கும் கவர்னஸ் அவள். கையில் ஒரு கடிதம், ஓரமெல்லாம் கறுப்புக் கரை கட்டியது. பார்வை கீழே இருக்கிறது. அழவில்லை. பின்னால் பியானோ திறந்தபடி கிடக்கிறது, அதன்மேல் விரித்து வைத்த பாட்டு ‘ஹோம், ஸ்வீட் ஹோம்’. அந்தக் காலத்து இங்கிலாந்தில் அதைப் பாடாத வீடு இருந்திருக்காது. அவளுக்குப் பின்னால், அறைக்கு அப்பால், வெயில் விழுகிற இடத்தில் மாணவிகள். இவர்கள்தான் ஷீப்ஷாங்க்ஸ் கேட்டு வாங்கிய பிள்ளைகள்.

திரையில் பெரிதாக்கிக்கொண்டு பார்த்தால் முதலில் கண்ணில் உறைப்பது அந்தக் கறுப்புக் கரைதான். ஐரோப்பிய ஓவியங்களில் எத்தனையோ பெண்கள் கடிதம் படிக்கிறார்கள். அது காதல் கடிதமா, கடன்காரன் கடிதமா என்று நாம் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே அந்தச் சந்தேகமே கிடையாது. சாவு வீட்டிலிருந்து வரும் கடிதத்துக்குக் கறுப்புக் கரை போடுவது அவர்கள் வழக்கம். 1840ல் ஒரு பென்னி தபால் வந்த பிறகு, தூரத்து ஊரில் பிழைக்கப் போன மகளுக்குக் கடிதம் போடுவது ஏழைக் குடும்பத்துக்கும் கட்டுப்படியானது. அதனால் நல்ல செய்தியோடு கெட்ட செய்தியும் சீக்கிரம் வந்து சேர்ந்தது. கடிதத்தைப் பிரிக்கும் முன்பே, தபாலைக் கையில் வாங்குகிற நொடியிலேயே, ஒரு சாவு என்று தெரிந்துவிடும். யார் என்பது மட்டும்தான் உள்ளே இருக்கும்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்மூரிலும் கருமாதிப் பத்திரிகைக்குக் கறுப்புக் கரை உண்டு. படித்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. என் பெரியம்மாவுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தபோது நான் திண்ணையில் இருந்தேன். பிறந்த வீட்டுப் பக்கம், அவரோடு ஒன்றாக வளர்ந்த ஒருவர். பெரியம்மா வாசற்படியில் நின்றபடியே படித்தார், நாலாகக் கிழித்தார், சாக்கடையோரம் போட்டார். முந்தானையில் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து மாவாட்டத் தொடங்கிவிட்டார். அன்று வீட்டில் விருந்தாளிகள். “என்ன கடிதாசி?” என்று யாரோ கேட்டதற்கு, “ஒண்ணுமில்லைங்க, ஊருலேருந்து” என்றார், அவ்வளவுதான். அவருக்கு அழ ஓர் இடம் வேண்டியிருந்தது, அந்த வீட்டில் அது இல்லை. ரெட்கிரேவின் பெண்ணுக்காவது பிள்ளைகள் விளையாடப் போன அந்தச் சிறிது நேரமும், ஒரு நாற்காலியும் கிடைத்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மேசைமேல் அவளுக்குக் கொண்டுவந்து வைத்த தேநீரும் ரொட்டியும் வெண்ணெயும். ரொட்டி அப்படியே இருக்கிறது. இந்த ரொட்டியை வைத்துத்தான் தாக்கரே இந்தப் படத்தைக் கேலி செய்தார். நாவலாசிரியராகப் பெயர் பெறும் முன்பு அவர் பத்திரிகைகளுக்கு ஓவிய விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். தேநீரைக் குடித்துவிட்டாள், ரொட்டியைத் தொடவில்லை, ஆகா இதுவல்லவோ சோகம், இதுவல்லவோ கலை என்கிற தொனியில் எழுதினார். பாட்டுப் புத்தகத்தையும் விட்டுவைக்கவில்லை. அவருடைய குற்றச்சாட்டு புரிகிறது. கறுப்புக் கரை, கறுப்பு உடை, வீட்டு நினைவுப் பாட்டு, தொடாத ரொட்டி என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அழு அழு என்று நம்மைக் கட்டாயப்படுத்துகிறார் ஓவியர் என்பது. ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பெண்ணால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. முகத்தில் காட்டவும் முடியாது. எந்த நிமிடமும் பிள்ளைகள் திரும்பி வரலாம், எஜமானி அம்மாள் எட்டிப் பார்க்கலாம். அப்படிப்பட்டவளின் துக்கம் வேறு எங்கே போய்த் தெரியும்? தொண்டையில் இறங்காத ரொட்டியில்தான் தெரியும். துக்கப்பட்டவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர் இறங்கும், சோறு இறங்காது. இதைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவர்தான் தேநீரை முடித்துவிட்டு ரொட்டியை மட்டும் மிச்சம் வைக்க முடியும். தாக்கரே கேலி செய்த அந்த நுணுக்கம்தான் இந்தப் படத்திலேயே மிக உண்மையானது என்பேன்.

ரெட்கிரேவ் பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான். அவருடைய தங்கை ஜேன் கவர்னஸாக வெளியூர் போனவள். வீட்டு ஏக்கத்தில் வாடி, நோய்வாய்ப்பட்டு, இளவயதிலேயே இறந்துபோனாள். ‘ஏழை ஆசிரியை’ என்ற தலைப்பில் 1843ல், லண்டனில் ஓவியர்களின் தலைமைச் சங்கமான ராயல் அகாடமியின் கண்காட்சியில் அவர் முதலில் வைத்த படத்தில் பிள்ளைகள் இல்லை. வெறும் அறை, அவள், கடிதம். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப, சிறு மாற்றங்களோடு அவர் வரைந்திருக்கிறார். வாங்க ஆள் இருந்தது என்பது ஒரு காரணம். தங்கை நினைவு விடவில்லை என்பதும் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

யார் வீட்டுச் சுவர்

இந்தப் படங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஓவியரையும் படத்திலிருக்கும் பெண்ணையும் பற்றிப் பேசுகிறோம். வாங்கியவரை மறந்துவிடுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வீட்டு வாழ்க்கைச் சித்திரங்களை அதிகம் வாங்கியவர்கள் பிரபுக்கள் அல்லர், ஆலைக்காரர்களும் வணிகர்களும். ஷீப்ஷாங்க்ஸ் லீட்ஸ் நகரத்துத் துணி ஆலைக் குடும்பம். அவர்களுக்குக் கிரேக்கக் கடவுள்களும் பழைய போர்க்களங்களும் வேண்டாம், தங்களுக்குத் தெரிந்த உலகம் வேண்டும். படம் போய் மாட்டப்படுகிற இடம் கோயிலோ அரண்மனையோ இல்லை, அவர்கள் வீட்டுக் கூடம். அங்கேதான் காலையில் பத்திரிகை படிப்பார்கள், மாலையில் விருந்தாளிகளோடு பேசுவார்கள். அதே வீட்டின் மாடியில் ஒரு கவர்னஸ் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கவும் கூடும்.

கவர்னஸின் நிலைமை அப்படி. நல்ல குடும்பத்துப் பெண். அப்பா இறந்திருப்பார், அல்லது தொழில் நொடித்திருக்கும். கௌரவம் கெடாமல் ஒரு பெண் சம்பாதிக்க இருந்த வெகு சில வழிகளில் இது ஒன்று. 1851 கணக்கெடுப்பில் சுமார் 25,000 பெண்கள் இந்த வேலையில் இருந்தார்கள். பலருக்கும் ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டிலிருந்து 45 பவுண்டுக்குள். வேலைக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட முடியாது, அவர்களைவிட மேல். எஜமானர் குடும்பத்தோடும் உட்கார முடியாது, அவர்களைவிடக் கீழ். அதனால் தட்டு மாடிக்கு வரும். படத்தில் இருக்கிற அந்தத் தேநீரும் ரொட்டியும் இப்படி வந்ததுதான். வேலையிழந்த, வயதான கவர்னஸ்களுக்கு உதவ 1840களின் தொடக்கத்தில் ஒரு நிதி அமைப்பையே நடத்த வேண்டிய அளவுக்கு நிலைமை இருந்தது. படம் வந்த காலத்தில் இது ஊரறிந்த விஷயம். ஆக, ஷீப்ஷாங்க்ஸ் தாங்கவில்லை என்று சொன்னபோது அவருக்குத் தெரியாத ஏதோ ஒரு சோகத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

சரி, பிள்ளைகள் வந்தார்கள். வந்து என்ன ஆயிற்று? என் மனதில் எல்லாம் திரும்பியது இந்த இடத்தில்தான். முதலில் அந்தப் பிள்ளைகளை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. வாங்கியவர் கேட்டதற்காக ஒட்டவைத்த சமாதானம் என்று ஒதுக்கிவைத்திருந்தேன். ஒரு நாள் ராத்திரி, அவளை விட்டுவிட்டு அவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பெண்கள். இரண்டு பேர் வெளியே வெயிலில் விளையாடுகிறார்கள். மூன்றாமவள் விளையாட்டில் சேரவில்லை, ஓரமாகத் தனியே உட்கார்ந்திருக்கிறாள். இவளை எதற்கு இப்படி உட்காரவைத்தார் ரெட்கிரேவ்? துக்கத்தை லேசாக்கத்தான் பிள்ளைகள் என்றால், மூன்று பேரையும் விளையாட விட்டிருக்கலாமே. அந்த மூன்றாமவள் நாளைக்கு இதே நாற்காலியில் உட்காரப்போகிறவள் என்றுதான் எனக்குப் படுகிறது. அப்பாவின் ஆலை ஒன்று நொடித்தால் போதும். அந்த வீட்டுச் செல்லப்பெண்ணும் கறுப்புக் கரைக் கடிதத்தோடு வேறொரு வீட்டு மாடியில் இருப்பாள்.

அதோடு இன்னொன்றும் நடந்திருக்கிறது. பிள்ளைகள் வெயிலில் இருப்பதால்தான் இவள் நிழலில் இருப்பது தெரிகிறது. பிள்ளைகள் இல்லாதவரை அது வெறும் அறை, அவள் தனியாக இருக்கிறாள், அவ்வளவு. பிள்ளைகள் வந்த பிறகு, ஆட்கள் இருந்தும் தனியாக இருக்கிறாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகள்மேல் குற்றமும் இல்லை, அவர்களுக்குத் தெரியாது. தனிமையைக் குறைக்கக் கேட்டு வாங்கியதே தனிமையைக் கூட்டிவிட்டது. ரெட்கிரேவ் இதை அறியாமல் செய்தார் என்று நான் நம்பவில்லை. பணம் கொடுப்பவர் கேட்டதைக் கொடுத்தார், தான் சொல்ல வந்ததையும் விடவில்லை. ஏழைகளும் ஒடுக்கப்பட்டவர்களும் படும் பாட்டைக் கவனிக்கவைப்பதே தன் நல்ல படங்களின் நோக்கம் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். 1857ல் ஷீப்ஷாங்க்ஸ் தன்னிடமிருந்த 233 எண்ணெய் வண்ண ஓவியங்களையும் நாட்டுக்குக் கொடுத்துவிட்டார், இதுவும் அதில் ஒன்று. வேலை முடிந்து வருகிற சாதாரண ஜனங்களும் பார்க்கட்டும் என்று அந்த அருங்காட்சியகத்தில் மாலையில் எரிவாயு விளக்கேற்றித் திறந்து வைத்திருந்தார்கள். வந்தவர்களில் கவர்னஸ்களும் இருந்திருப்பார்கள். தாங்கவில்லை என்று சொன்ன மனிதர் அவளைத் தன் சுவரோடு பூட்டிவைக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும்.

அழிக்கப்பட்ட முகம்

ஷீப்ஷாங்க்ஸ் ஒருவரோடு இது முடிந்திருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். சுமார் பத்து வருடம் கழித்து இன்னொருவரும் இதையே சொன்னார். தாமஸ் ஃபேர்பேர்ன், மான்செஸ்டர் தொழிலதிபர். வில்லியம் ஹோல்மன் ஹன்ட் அவருக்காக வரைந்த படம் ‘விழித்துக்கொண்ட மனசாட்சி’, 1853ல் வரைந்தது. ஒருவன் தனக்காக வாடகை வீட்டில் குடிவைத்திருக்கும் பெண். பியானோ முன்னால் அவன் உட்கார்ந்து பாடுகிறான், அவன் மடியிலிருந்து அவள் சட்டென்று எழுந்துகொள்கிறாள். பழைய பாட்டு ஒன்று அவளுக்குத் தன் சிறு வயதை நினைவுபடுத்திவிட்டது. எல்லா விரலிலும் மோதிரம், கல்யாண மோதிர விரல் மட்டும் காலி. மேசைக்கடியில் பூனையிடம் ஒரு பறவை சிக்கியிருக்கிறது. அவள் பார்வை நம் பக்கம், ஜன்னலுக்கு வெளியே இருக்கும் தோட்டத்தின்மேல். அந்தத் தோட்டம் பின்னால் கண்ணாடியில் தெரிகிறது.

இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கும் படத்தில் அவள் முகம் மென்மையாக இருக்கிறது. உதடு லேசாகத் திறந்து, ஏதோ நல்லது கேட்டவள் போல. இது ஹன்ட் முதலில் வரைந்த முகமே இல்லை. முதல் முகத்தில் வேதனையும் திகிலும் அப்பட்டமாக இருந்தன. ஃபேர்பேர்னால் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மாற்றித் தரும்படி கேட்டார். சில வருடத்தில் ஹன்ட் அந்த முகத்தின்மேல் வேறொரு முகத்தை வரைந்துவிட்டார். அவள் விழித்துக்கொண்ட கணம்தான் படத்தின் விஷயமே, தலைப்பே அதுதான். அந்தக் கணம் அவள் முகத்தில் எப்படி இருந்தது என்பது மட்டும் இன்று நமக்கு இல்லை.

முழுக்க இல்லை என்றும் சொல்ல முடியாது. 1854 மே மாதம் கலை விமர்சகர் ரஸ்கின் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் அந்த முதல் முகம் இருக்கிறது. படம் புரியவில்லை என்று கண்காட்சியில் ஜனங்கள் நகர்ந்துபோவதைப் பார்த்துவிட்டு அவர் எழுதியது. அழகு கிழிந்துபோய்த் திகில் புகுந்த முகம், நிறம் மாறித் துடிக்கும் உதடுகள், இறுகக் கடித்த பற்கள், இனி வரப்போவதன் பயமும் பழைய நாட்களின் கண்ணீரும் நிறைந்த கண்கள் என்று எழுதிக்கொண்டே போகிறார். அந்த அறையின் சாமான்கள் எல்லாமே புத்தம் புதிதாக இருப்பதன் கொடுமையையும் அவர்தான் கவனித்தார். குடும்பம் நடந்து பழசான பொருள் ஒன்றுகூட அங்கே இல்லை. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் இரண்டும் பொருந்தவே இல்லை. கடித்த பற்களைத் தேடினால் இல்லை. ஒரு பெண்ணின் மிக அந்தரங்கமான நொடியை வரைந்தாயிற்று, வாங்கியாயிற்று, பிறகு அது அதிகமாக இருக்கிறது என்று அதன்மேல் பூசியும் ஆயிற்று.

ஒரு சிநேகிதியிடம் இதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினேன். அவள் என் கோபத்தை ஏற்கவில்லை. “தெனமும் பார்க்க முடியலைன்னு சொல்றவன் பார்த்திருக்கான்னு அர்த்தம். பழகிப்போனவனுக்குத்தான் ஒண்ணும் தோணாது” என்றாள். அது நியாயம்தான். ஆயிரம் பேர் அந்தப் படத்தைக் கடந்துபோயிருப்பார்கள். ஃபேர்பேர்னுக்கு வலித்திருக்கிறது. ஆனால் வலித்தபிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் என் கேள்வி. ஷீப்ஷாங்க்ஸும் ஃபேர்பேர்னும் இரக்கமுள்ளவர்கள்தான். அந்த இரக்கத்துக்குக் கிடைத்த மருந்து படத்தை மாற்றுவது. அவள் துக்கம் அவர்களுக்கு வலியாக மாறிவிட்டது, வலி அவர்களுடையது என்றானபிறகு அதைத் தீர்ப்பதும் அவர்களுக்காகவே ஆகிவிட்டது. என் பெரியம்மா வாசலில் முகத்தைத் துடைத்துக்கொண்டதும் இதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவர் அழுதிருந்தால் வீட்டில் யாரும் திட்டியிருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் கஷ்டமாகப் போயிருக்கும். அந்தக் கஷ்டத்தை அவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பதும் அவர் வேலையாக இருந்தது.

அதே காலத்து ஓவியர் ஆகஸ்டஸ் எக் வேறு வழியில் போனார். 1858ல் அவர் கண்காட்சியில் வைத்த மூன்று படங்களை இன்று ‘அன்றும் இன்றும்’ என்கிறோம், அவர் அப்படித் தலைப்பு எதுவும் வைக்கவில்லை. மனைவிக்கு வேறொருவனோடு தொடர்பு என்பது கணவனுக்குத் தெரிந்துவிடுகிறது. கணவன் கையில் கடிதம், காலடியில் அந்த இன்னொருவனின் சிறு உருவப்படம். மனைவி தரையில் குப்புற விழுந்து கிடக்கிறாள், கோத்த கைகளில் வளையல்கள் விலங்கு மாதிரி. இரண்டு பெண் குழந்தைகள் சீட்டுக்கட்டில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், அது சரிகிறது. மற்ற இரண்டு படங்களில் வருடங்கள் ஓடிவிட்டன. வளர்ந்த மகள்கள் ஓர் அறையிலிருந்து நிலாவைப் பார்க்கிறார்கள், அதே நிலாவைத் தேம்ஸ் கரையோரக் கட்டட வளைவுகளுக்கடியில் ஒரு கைக்குழந்தையோடு உட்கார்ந்து தாய் பார்க்கிறாள். புதிய விவாகரத்துச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. மனைவியின் தவறு ஒன்றே கணவனுக்குப் போதும், மனைவி கேட்டால் கணவனின் தவறோடு கொடுமையோ கைவிட்டுப்போனதோ இன்னும் ஏதாவது ஒன்றையும் காட்ட வேண்டும். வீட்டுக்குள் நடக்கும் நடுப் படத்தில் எக் அவள் முகத்தையே காட்டவில்லை, கம்பளத்துக்குள் புதைந்திருக்கிறது. யாரும் மாற்றித் தா என்று கேட்க முடியாத முகம். விமர்சகர் ஒருவர், பொதுவில் வரையக்கூடாத பயங்கரங்களுக்கு ஓர் எல்லை உண்டு, எக் ஒரு காலையாவது அதற்கு அப்பால் வைத்துவிட்டார் என்று எழுதினார். எக் உயிரோடு இருந்தவரை அந்தப் படங்கள் விற்கவில்லை. எந்த ஆலைக்காரர் அதை வீட்டுக் கூடத்தில் மாட்டுவார்?

வாங்குபவரைப் படத்துக்குள் வைத்தவள்

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்கள் வரைந்து, ஆண்கள் வாங்கிய அல்லது வாங்காமல் விட்ட படங்கள். பெண்கள் வரையாமல் இல்லை. அவர்கள் எதை வரையலாம் என்பதற்குத்தான் கட்டு இருந்தது. நிர்வாண மாடலைப் பார்த்து வரையாமல் பெரிய வரலாற்றுப் படங்களுக்குத் தயாராக முடியாது, ராயல் அகாடமி அந்த வகுப்பில் பெண்களைச் சேர்க்க 1893 வரை ஆயிற்று. அகாடமிப் பள்ளிக்குள் நுழைவதே 1860ல்தான், அதுவும் லாரா ஹெர்ஃபோர்ட் என்பவர் முதலெழுத்துகளை மட்டும் போட்டுப் படங்களை அனுப்ப, ஆண் என்று நினைத்துத் தேர்ந்தெடுத்ததால். அதற்கு முந்தைய வருடம் பெண் ஓவியர்கள் சேர்ந்து எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மனு கொடுத்திருந்தார்கள். கையெழுத்திட்டவர்களில் எமிலி மேரி ஆஸ்போர்ன் ஒருவர். மாடல் வகுப்புக்குள் விடாதவர்கள் எதைப் பார்த்து வரைவார்கள்? வீட்டையும் கடைத்தெருவையும்தான். வீட்டுச் சித்திரம் அவர்களுக்கு விருப்பமாகவும் இருந்திருக்கும், மிச்சமிருந்த இடமாகவும் இருந்தது.

ஆஸ்போர்ன் 1857ல் வைத்த படத்துக்கு ‘பெயரும் இல்லை, துணையும் இல்லை’ என்று தலைப்பு. ஓவியங்கள் விற்கும் கடை. வெளியே மழை. துக்க உடையில் ஓர் இளம்பெண் நிற்கிறாள், பக்கத்தில் அவள் தம்பி என்று எண்ணத்தக்க ஒரு பையன். தான் வரைந்த படத்தை விற்க வந்திருக்கிறாள். கடைக்காரர் தாடையில் கைவைத்துக்கொண்டு படத்தைப் பார்க்கிறார், விலையைக் குறைக்க என்ன சொல்லலாம் என்று யோசிப்பது அந்த விரல்களில் தெரிகிறது. இடதுபுறம் உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆண்கள் கையில் ஒரு நாட்டியக்காரியின் படம். அதை விட்டுவிட்டு இவளைப் பார்க்கிறார்கள். ஏணிமேல் நிற்கும் ஆளும் பார்க்கிறான். அவள் யாரையும் பார்க்கவில்லை. கண் தரையில். முகத்தில் எதுவும் இல்லை என்றே சொல்லலாம், ரெட்கிரேவின் கவர்னஸைவிடவும் வெறுமையாக இருக்கிறது. ஆனால் கையில் ஒரு நூல். அதைத் திருகிக்கொண்டே இருக்கிறாள். அவளுடைய அவமானம், பயம், வீட்டு வாடகை, தம்பியின் பசி எல்லாம் அந்த நூலில் இருக்கின்றன. தம்பி மட்டும் தலை நிமிர்ந்து கடைக்காரரை நேராகப் பார்க்கிறான்.

இந்தப் படம் மற்றவற்றிலிருந்து ஏன் எனக்கு வேறாகத் தெரிகிறது என்பதற்குப் பதில் கிடைக்க நாளாயிற்று. மற்றப் படங்களில் பெண் தனியாக உணர்கிறாள், நாம் அதை ஒளிந்திருந்து பார்க்கிறோம். பார்க்கிறவர் யார், எங்கே நிற்கிறார் என்று அந்தப் படங்கள் கேட்பதில்லை. ஆஸ்போர்ன் பார்க்கிறவர்களைப் படத்துக்குள்ளேயே இழுத்து நிற்கவைத்துவிட்டார். விலை போடுகிறவர், வேடிக்கை பார்க்கிறவர், மேலிருந்து எட்டிப் பார்க்கிறவர். அவள் அடக்கிவைத்திருக்கும் உணர்ச்சிக்குக் காரணம் தூரத்து ஊரிலிருந்து வந்த கடிதமோ சிறுவயது நினைவோ மட்டும் இல்லை, இந்த அறையில், இந்த நிமிடத்தில் அவளைச் சுற்றி இருக்கிறவர்களின் பார்வையும்தான். ஆஸ்போர்னே ஓவியம் விற்றுப் பிழைத்தவர். அந்தக் கடைகளின் கதவு எப்படித் திறக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இந்தப் படத்தை வாங்குகிற ஒருவருக்கும் தாங்கவில்லை என்று தோன்றலாம். அப்போது அவர் ஓவியரிடம் என்ன கேட்பார்? பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்ல முடியாது, பையன் ஏற்கனவே இருக்கிறான். முகத்தை மென்மையாக்கச் சொல்லவும் முடியாது, அதில் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. கடையில் அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது, அவளுடைய நனைந்த குடை அதன்மேல் சாய்ந்திருக்கிறது. வசதியுள்ள பெண்மணி வந்திருந்தால் அதில் உட்காரச் சொல்லியிருப்பார்கள். இந்தப் படத்தின் துக்கத்தைக் குறைக்க வேண்டுமானால் அந்த இரண்டு ஆண்களும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். கடைக்காரர் தாடையிலிருந்து கையை எடுத்து அந்த நாற்காலியைக் காட்ட வேண்டும், அவள் படத்துக்கு நியாயமான விலையைச் சொல்ல வேண்டும்.